கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வதை உங்கள் குடும்பத்தின் ஒவ்வொரு தலைமுறையும் எப்படி எடுத்துக்கொண்டது? வீட்டில் முதலில் யாரிடம் சொல்வது?

எங்கள் வீட்டில் இப்போது அக்கா மகள் பெங்களூரில் அப்படித்தான் இருக்கிறாள், கூட வேலை பார்க்கும் பையனோடு. "நம்ம குடும்பத்துல இப்படி ஒண்ணு நடந்ததே இல்லையே" என்று அம்மா புலம்பாத நாளில்லை. நடந்திருக்கிறது.

முதலில் அப்பாயி. தாத்தா திருவாரூர் பக்கம், தீவிர திராவிடர் கழகம். 1950களின் தொடக்கத்தில் கல்யாணம். ஐயர் இல்லை, தாலி இல்லை. மாலை மாற்றிக்கொண்டார்கள், கழகப் பேச்சாளர் ஒருவர் நீட்டி முழக்கினார், பந்தி போட்டார்கள், அவ்வளவுதான். ஊருக்கு அது கல்யாணம். சட்டத்துக்கு இல்லை. 1934இல் இதே மாதிரி நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் பற்றிய வழக்கில், ஏழடி வைக்கும் சடங்கும் இல்லை, வழிவழியாக வந்த வழக்கமும் இல்லை, எனவே செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அண்ணா முதல்வரான பிறகு, 1967இல்தான் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து, பழைய திருமணங்களையும் செல்லும் என்றாக்கினார்கள். அதுவரைக்கும் அப்பாயியும் தாத்தாவும் பிள்ளைகுட்டிகளோடு, காகிதப்படி லிவிங் டுகெதர்தான்! அம்மாவிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார்.

அடுத்து அத்தை. ரயில்வேயில் இருந்த மாமா சீக்கிரமே போய்விட்டார். பிள்ளைகள் கல்யாணமாகிப் போன பிறகு, பக்கத்துத் தெருவில் மனைவியை இழந்த ஆசிரியர் ஒருவரோடு பழக்கமாகி, அத்தை அவர் வீட்டுக்கே போய்விட்டார். கோயிலில் வைத்து ஒரு தாலி கட்டிக்கொள்ளக் கூடாதா என்று எல்லோரும் கேட்டார்கள். கட்டினால் பென்ஷன் நின்றுவிடும். பிள்ளைகள் இருக்கிற விதவை மறுமணம் செய்தால் குடும்ப ஓய்வூதியம் அவருக்குக் கிடையாது. இதற்காகவே தாலி கட்டாமல் ஒன்றாக இருக்கும் வயதானவர்கள் வேறு சிலரையும் எனக்குத் தெரியும். யாரும் வெளியே சொல்வதில்லை.

அப்பா ரொம்ப நாள் அத்தையிடம் பேசவில்லை. அப்புறம் சரியாகிவிட்டது, எங்கள் பாணியில். விசேஷப் பத்திரிகையில் அவர் பெயர் இருக்காது, ஆனால் வந்துவிட்டால் "சார் வாங்க" என்று முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். கடைசி வரைக்கும் அவர் "சார்"தான். மாமா என்று கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை.

அவர் இறந்தபோதுதான் அடி விழுந்தது. வீடு அவர் பெயரில், உயில் இல்லை. காரியம் முடிந்ததும் அவர் மகன், மரியாதையாகத்தான், சாவியைக் கேட்டார். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் திருமணம் போன்ற உறவையும் கணக்கில் எடுக்கிறது. கோவையிலிருந்து போன வேலுசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் அதற்கு அளவுகோலும் சொன்னது: இருவரும் சட்டப்படி மணம் செய்யக்கூடியவர்களாக இருக்க வேண்டும், ஊரறியக் கணவன் மனைவி போலக் கணிசமான காலம் வாழ்ந்திருக்க வேண்டும், வார இறுதியில் வந்து போவதெல்லாம் சேராது. அத்தை இதற்கெல்லாம் பொருந்துவார். ஆனால் கணவன் மனைவி போலத்தான் வாழ்ந்தோம் என்று கோர்ட்டில் நிரூபிக்கப் போனால் பென்ஷனுக்கு என்ன ஆகுமோ என்று பயம். சாவியைக் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அக்கா மகள் விஷயம் தெரிந்ததும் அப்பாயி கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பய சமைப்பானா?" அம்மாவுக்கு இன்றுவரை, ஊருக்கு வந்தால் தனியாக வர வேண்டும். அத்தை மட்டும் போனைப் போட்டு, "ரெண்டு பேரும் உயில் எழுதுங்கடி" என்றார். இந்த வயசில் உயிலா என்று அவள் சிரித்தாள். பேங்கில் நாமினி போட்டிருக்கிறோமே என்றாள். நாமினி பணத்தை வாங்கி வைப்பவர்தான், உரிமை வாரிசுக்கு. கல்யாணமாகாத இந்துப் பையன் உயில் எழுதாமல் இறந்தால், பிள்ளையும் இல்லையென்றால், சொத்து அவன் அம்மாவுக்குப் போகும், கூட வாழ்ந்தவளுக்கு ஒன்றுமில்லை. வெள்ளைத்தாளில் எழுதி, எழுதியவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்து போட்டாலே உயில் செல்லும், பதிவு கட்டாயமில்லை. எழுதிவிட்டார்கள். வாடகை ஒப்பந்தத்திலும் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது.

யாரிடம் முதலில் சொல்வது என்று கேட்டீர்கள். அவள் முதலில் சொன்னது அத்தையிடம். அக்காவிடமும் அத்தானிடமும் பேசியது அத்தைதான், அதுவும் அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார், அவரைப் பிடியுங்கள்.