உதாரு வாசல்ல, பேரம் கொல்லையில

கேள்வி: 2025 பிப்ரவரியில ட்ரம்ப், "சனிக்கிழமை மதியத்துக்குள்ள எல்லா பணயக்கைதிகளையும் விடலேன்னா நரகம்தான்"னு ஹமாஸை மிரட்டினாரே, அப்புறம் என்னதான் ஆச்சு? (தேனி வாசகர்)

பதில்: சனிக்கிழமை வந்துச்சு, போச்சு! அன்னிக்கு ஹமாஸ் 3 பேரை விட்டுச்சு, அதுவும் ஜனவரி போர்நிறுத்த ஒப்பந்தக் கணக்குப்படி விட வேண்டியவங்க. நரகத்தைக் காணோம், ட்ரம்ப்பும் இனிமே இஸ்ரேல்தான் முடிவு பண்ணணும்னு நைசா ஒதுங்கிட்டார். மார்ச் 5ல திரும்பவும் "கடைசி எச்சரிக்கை"ன்னு ஒரு போஸ்ட் போட்டார், அதே நாள்தான் அவரோட தூதர் ஆடம் போலர் தோஹாவுல ஹமாஸோட நேருக்கு நேரா உட்கார்ந்து பேசிட்டிருக்கிற விஷயமும் வெளிய வந்துச்சு, 1997லேர்ந்து அமெரிக்காவோட பயங்கரவாத லிஸ்ட்ல இருக்கிற இயக்கம் பாருங்க. கடைசியா உயிரோட இருந்த 20 பேரும் வந்தது அக்டோபர் 13ல, கத்தார், எகிப்து, துருக்கி எல்லாம் நடுவுல நின்னு பேசின பிறகு, பதிலுக்கு இஸ்ரேலும் சுமார் 2000 பாலஸ்தீனக் கைதிகளை விட்டுச்சு. அதுக்கு ட்ரம்ப் நெதன்யாகுவை நெருக்கினதும் ஒரு காரணம், எதிரியை மிரட்டினதைவிட கூட்டாளியை நெருக்கினதுதான் வேலை செஞ்சுச்சுன்னு எனக்குப் படுது.

கேள்வி: ரீகன் வர்றார்னு பயந்துதான் ஈரான் அமெரிக்கர்களை விட்டுச்சுன்னு எங்க வீட்டுக்காரர் அடிச்சுச் சொல்றார். நிஜமாங்க? (காரைக்குடி வாசகி)

பதில்: பாதி நிஜம்னு வச்சுக்கோங்க, வீட்ல சண்டை வேண்டாம். டெஹ்ரான் அமெரிக்கத் தூதரகத்துல பிடிச்சு, 444 நாள் அடைச்சு வச்சிருந்த 52 பேரும் கிளம்பினது 1981 ஜனவரி 20, ரீகன் பதவிப் பிரமாணம் எடுத்த சில நிமிஷத்துல, அதனாலதான் அவர் பேர்ல கிரெடிட் ஏறிடுச்சு. ஆனா ஒப்பந்தம் முடிஞ்சது முந்தின நாளே, ரீகனுக்கு முந்தின அதிபர் கார்ட்டரோட ஆளுங்க அல்ஜீரியாவை நடுவுல வச்சு மாசக்கணக்கா பேசினது. அமெரிக்கா முடக்கி வச்ச ஈரான் பணத்துல சுமார் 800 கோடி டாலரை விடுவிக்க பேங்க் பேங்க்கா ராத்திரியெல்லாம் தந்தி அடிச்சிட்டிருந்தாங்க, கார்ட்டர் தூங்கக்கூட இல்ல. ஈராக் சதாமோட சண்டை வேற, ஈரானுக்குக் காசு அவசரம்.

இன்னொரு கூத்து கேளுங்க. "காட்டுமிராண்டிங்க கடத்தினவங்களுக்குப் பணயத்தொகை தரக்கூடாது"ன்னு அப்ப சவுண்டு விட்ட அதே ரீகன்தான், லெபனான்ல மாட்டின அமெரிக்கர்களுக்காக 1985-86ல அதே ஈரானுக்கு ரகசியமா ஏவுகணை வித்தார். 1986 மே மாசம் அவரோட பழைய பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஃபார்லேன் கள்ள பாஸ்போர்ட்ல டெஹ்ரானுக்குப் போனார், கூடவே சாவி அலங்காரத்தோட ஒரு சாக்லேட் கேக்! கேக் போனதுதான் மிச்சம். 1987 மார்ச்ல ரீகனே டிவியில வந்து, என் மனசு இல்லேங்குது, ஆதாரம் ஆமாங்குதுன்னு ஒத்துக்கிட்டார்.

கேள்வி: நம்ம அரசாங்கம் பேரம் பேசியிருக்கா? (ஓசூர் வாசகர்)

பதில்: பேசியிருக்கு. 1999 டிசம்பர்ல நம்ம பயணிகள் விமானத்தைக் கடத்தி ஆஃப்கானிஸ்தானோட காந்தஹாருக்குக் கொண்டுபோனாங்களே, அப்பதான். கடத்தினவங்க கேட்டது 36 தீவிரவாதிகளும் 20 கோடி டாலரும். அதிகாரிங்க விமானம் நின்ன இடத்துக்கே போய், வயர்லெஸ்ல இழு இழுன்னு இழுத்து, 3 பேர்ல கொண்டுவந்து நிறுத்தினாங்க. ஆனா அந்த 3ல ஒருத்தர் மசூத் அசார், வெளிய வந்ததும் ஜெய்ஷ்-இ-முகமதுங்கிற பயங்கரவாத இயக்கத்தை ஆரம்பிச்சார். அவங்க போன விமானத்துலயே வெளியுறவு அமைச்சர் ஜஸ்வந்த் சிங்கும் போனார், அந்தத் திட்டு மனுஷனை கடைசி வரைக்கும் விடல.