கோடெக் கேள்வி-பதில்: உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

கே: என் எம்பி4 வீடியோ குரோமில் ஓடுகிறது, நண்பரின் ஃபயர்பாக்ஸில் ஓடவில்லை. ஏன்?

ப: எம்பி4 வெறும் பெட்டி. அதற்குள் வீடியோவைச் சுருக்கி வைத்திருக்கும் முறைதான் கோடெக். உள்ளே ஹெச்.264 இருக்கிறதா, ஹெச்.265 இருக்கிறதா என்று எழுதவில்லையே! இந்த வாரம் மட்டும் இப்படி நான்கு கடிதங்கள். கோப்பின் உள்விவரத்தைக் காட்டும் கருவியான எஃப்எஃப்புரோபில் (ffprobe) பார்த்துவிட்டு எழுதுங்கள். ஃபோனில் எடுத்ததென்றால் ஹெச்.265 ஆக இருக்கலாம். குரோம் அதை ஏற்றதே 2022 கடைசியில்தான், அதுவும் வன்பொருள் துணையோடு. ஃபயர்பாக்ஸ் இன்னும் இரண்டு வருடம் கழித்து, முதலில் விண்டோஸில்.

கே: இந்த வகை வீடியோ ஓடுமா என்று பிரவுசரிடம் கேட்கும் கேன்பிளேடைப் (canPlayType) எப்போதும் 'மேபி' என்றே சொல்கிறது.

ப: வெறும் 'வீடியோ/எம்பி4' என்று கேட்டால் அப்படித்தான் சொல்லும். கோடெக் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள்.

கே: ஹெச்.264 வீடியோவை உருவாக்கும் எக்ஸ்264 நிரலை எங்கள் மென்பொருளில் சேர்த்து விற்கிறோம். ஓப்பன் சோர்ஸ்தானே, யாருக்கும் பணம் கட்ட வேண்டாம் அல்லவா?

ப: பத்து வருடமாக இதே பதிலைச் சொல்லி வருகிறேன். நிரலுக்கான உரிமம் வேறு, பேட்டன்ட் உரிமம் வேறு. நிரலை எழுதியவர் தன்னுடையதைத்தான் இலவசமாகத் தர முடியும், ஹெச்.264-இன் பேட்டன்ட் பல நிறுவனங்களின் கையில் இருக்கிறது. போதாக்குறைக்கு எக்ஸ்264 ஜிபிஎல்லில் வருவது; அதைச் சேர்த்து விநியோகிப்பவர் தன் நிரலையும் திறந்து தர வேண்டும் என்று கேட்கும் உரிமம் அது. உங்கள் நிரலை மூடி வைத்து விற்றால் முதல் சிக்கலே அங்கேதான்.

சிஸ்கோவின் ஹெச்.264 நிரலான ஓப்பன்ஹெச்264-ஐப் பாருங்கள். 2013-இல் அறிவித்தார்கள், மூலநிரலை யாரும் எடுக்கலாம். ஆனால் சிஸ்கோ தானே கம்பைல் செய்து தன் சர்வரிலிருந்து தரும் பைனரிக்கு மட்டும்தான் ராயல்டி கட்டுகிறது. ஃபயர்பாக்ஸ் அதைத் தன்னோடு கட்டித் தராமல், நிறுவிய பிறகு தனியாக இறக்குவது இதனால்தான். அதே நிரலை நீங்கள் கம்பைல் செய்தால் பில் உங்களுக்கு. பல வருடம் இருந்த கட்டண அட்டவணைப்படி ஆண்டுக்கு முதல் ஒரு லட்சம் பிரதிகளுக்குப் பணமில்லை, அதற்கு மேல் பிரதிக்கு 20 சென்ட் வரை. இன்றைய நிலவரத்தை, இந்தப் பேட்டன்ட்களுக்கு உரிமம் வழங்கும் வியா எல்ஏவிடம் நேரடியாகக் கேளுங்கள். 2010-இல் 'இலவசம்' என்று அறிவித்தது, இணையத்தில் பணம் வாங்காமல் காட்டும் வீடியோவுக்கு. டிகோடரை விற்பவருக்கு அல்ல. தயவுசெய்து இரண்டையும் குழப்பாதீர்கள்.

கே: குரோமின் அடிப்படையான ஓப்பன் சோர்ஸ் பிரவுசர் குரோமியத்தை நாங்களே பில்டு செய்தோம். அதில் ஹெச்.264 ஓடவில்லை.

ப: உரிமம் தேவைப்படும் கோடெக்குகள் அதில் இயல்பாகவே அணைந்திருக்கும். பில்டு அமைப்பில் இரண்டு வரி மாற்றினால் ஓடும். மாற்றுமுன் மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கே: எங்கள் தளத்து வீடியோவுக்கு ஏவி1 கோடெக் மட்டும் வைத்தால் போதுமா?

ப: போதாது. சஃபாரி, ஏவி1 டிகோடர் சிப்பிலேயே இருந்தால்தான் ஓட்டும்; ஐஃபோனில் அது 15 புரோவிலிருந்துதான். பக்கத்தில் கோப்புகளை வரிசையாகக் கொடுக்கும்போது ஏவி1-ஐ முதலிலும் ஹெச்.264-ஐக் கடைசியிலும் வையுங்கள். பிரவுசர் மேலிருந்து பார்த்து, தன்னால் முடிந்த முதல் கோப்பை எடுத்துக்கொள்ளும். அப்புறம், ஒவ்வொன்றிலும் கோடெக் பெயரைக் குறிப்பிடுங்கள்.

கே: ஹெச்.265 கோப்பு விஎல்சியில் ஓடுகிறது, சஃபாரியில் ஓடவில்லை.

ப: கோப்புக்குள் கோடெக்கைக் குறிக்கும் டேக் 'ஹெச்இவி1' (hev1) என்று இருக்கும். 'ஹெச்விசி1' (hvc1) ஆக்குங்கள், மறுபடி என்கோடு செய்யத் தேவையில்லை. இதுவும் எஃப்எஃப்புரோபிலேயே தெரியும்.