தறிக்கு நடுவே நடப்பது கணக்கில் வருமா?

கேள்வி: எனக்கு 47 வயது. சோமனூரில் விசைத்தறி வைத்திருக்கிறேன். ஆறு மாதமாக பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன். வாக்கிங் போகச் சொல்கிறார்கள். நாளெல்லாம் தறிக்கு நடுவே நடக்கிறவனுக்குத் தனியாக எதற்குங்க வாக்கிங்? ஜிம்முக்குப் போகும் என் மகன், "நைட்ரிக் ஆக்சைடு கூடினால் ரத்தக்குழாய் விரியும், இந்தப் பவுடரைக் குடியுங்கப்பா" என்கிறான். குடிக்கலாமா?

பதில்: பவுடர் வேண்டாமுங்க. ஆனால் உங்கள் மகன் சொன்னதில் பாதி சரி.

நைட்ரிக் ஆக்சைடு ஒரு வாயு. ரத்தக்குழாயின் உள்சுவர் செல்கள் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அதைத் தயாரிக்கின்றன. கை கால் தசைகளும் கொஞ்சம் தயாரிக்கும். சில நொடிகள்தான் அதற்கு ஆயுசு. அதற்குள் குழாயைத் தளர்த்தி வழியை அகலமாக்கிவிடும். வழி அகலமானால் பி.பி. இறங்கும். இதைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையும் இந்த வாயுவாக மாறித்தான் வேலை செய்கிறது.

உங்கள் பாஷையில் சொன்னால், இது ஸ்டாக் வைக்க முடியாத சரக்கு. அப்போதைக்கு அப்போது ஓட்டினால்தான் உண்டு. ஆர்டர் கொடுப்பது ரத்த ஓட்டம். வேகமாக நடக்கும்போது கால் தசைகளுக்குப் பாயும் ரத்தம் பல மடங்காகி, குழாய்ச் சுவரை உரசிக்கொண்டு ஓடும். அந்த உரசல்தான் செல்களைத் தூண்டுகிறது. சில வாரம் விடாமல் நடந்தால் வாயுவைத் தயாரிக்கும் நொதியே பெருகும். உண்டான வாயு வீணாவதும் குறையும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் குழாயே சற்று அகலமாகிவிடும். நிறுத்தினாலோ, சில வாரங்களில் பழைய கதைதான்.

தறிக்கூடத்தில் நாலடி வைக்கிறீர்கள், அறுந்த இழையை முடிகிறீர்கள், நிற்கிறீர்கள். கால் கடுக்கும், ரத்த ஓட்டம் பெரிதாக ஏறாது. பஞ்சுத் தூசிக்குள் வேகமாக நடக்கச் சொல்லவும் எனக்கு மனசில்லை. விடியக்காலம் வெளியே போய், பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்தில் நடங்கள். 10 நிமிடத்தில் ஆரம்பித்து 30 நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். வாரம் 5 நாள் போதும். நெஞ்சு இறுகினால் உடனே நின்றுவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பி.பி. இறங்குகிறதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

பவுடருக்கு வருவோம். அநேகமாக ஆர்ஜினின் கலந்ததாக இருக்கும். வாய்வழியாகப் போகும் ஆர்ஜினினில் பெரும்பங்கு குடலிலும் கல்லீரலிலுமே சிதைந்துவிடும். மாரடைப்பு வந்தவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2006-ல் வெளிவந்தது. ஆர்ஜினின் சாப்பிட்டவர்களில் சாவு கூடியதால் அதைப் பாதியிலேயே நிறுத்தியிருந்தார்கள். அந்தக் காசுக்கு உடுமலைப் பக்கத்து பீட்ரூட்டும் கீரையும் வாங்குங்கள். அவற்றிலுள்ள நைட்ரேட்டை வாயில் வாழும் பாக்டீரியாக்கள் மாற்றிக் கொடுக்க, உடம்பு அதிலிருந்தும் இந்த வாயுவை எடுத்துக்கொள்ளும். தினமும் மவுத்வாஷ் கொப்பளித்தால் அந்த வேலை கெடும். சிறுநீரகக் கல் வந்தவர் என்றால் பீட்ரூட்டை அளவோடு சாப்பிடுங்கள். மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் பதறிக்கொண்டு ஓடிவராதீர்கள், அது பீட்ரூட் சாயம்தான்.