பெரியவர்களுக்கும் மூளைக்காய்ச்சல் வருமா? மூளை அறையில் சீழ் சேர்வது என்றால் என்ன?

வரும். என் தாய்மாமாவுக்கு வந்தது. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், வயது 61. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. மாத்திரை நினைவு வந்தால் போடுவார்.

மூளைக்காய்ச்சல் என்றால் கழுத்து விறைக்கும், வெளிச்சம் கூசும் என்றுதான் கேள்விப்பட்டிருந்தோம். மாமாவுக்கு அது எதுவும் இல்லை. நான்கு நாள் குளிர்காய்ச்சல், கொஞ்சம் தலைவலி. ஐந்தாம் நாள் காலை அத்தை காபியை நீட்டியபோது, “டிக்கெட் எடுத்தாச்சா?” என்று கேட்டார். சுகர் இறங்கிவிட்டது என்று நினைத்து நாங்கள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம். ஆஸ்பத்திரியில் பார்த்தால் 380! சர்க்கரை உள்ளவர் காய்ச்சலோடு உளறினால் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

முதுகில் ஊசி போட்டு, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடும் நீரைக் கொஞ்சம் எடுக்க வேண்டும் என்றார்கள். “கால் விளங்காமப் போயிடும்னு சொல்றாங்களே” என்று அத்தை கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். இரண்டு மணி நேரம் அதில் போனது. தண்டுவடம் அந்த இடத்துக்கு மேலேயே முடிந்துவிடுகிறது என்பது அன்று எனக்கும் தெரியாது. நல்ல வேளை, டாக்டர்கள் காத்திருக்காமல் மருந்தை ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள்.

பச்சைத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டிய நீர் கஞ்சித் தண்ணீராக வந்தது. ரத்தத்தில் அவ்வளவு சர்க்கரை, அந்த நீரிலோ 20கூட இல்லை. கல்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், வந்த கிருமி கிளெப்சியெல்லா. பெரியவர்களுக்கு வழக்கமாக வருவது நிமோகாக்கஸ்தான், இது அபூர்வம். வயிற்றை ஸ்கேன் செய்தபோது கல்லீரலில் சீழ்க்கட்டி இருந்தது. அங்கிருந்து ரத்தம் வழியாக மேலே போயிருக்கிறது. இந்தக் கிருமி இப்படிப் பரவுவதை 1980களிலேயே தைவானில் கவனித்து எழுதியிருக்கிறார்கள். அங்கேயும் நிறைய பேர் சர்க்கரை நோயாளிகள்.

சரி, அந்த அறைகள். மூளைக்குள் நான்கு இருக்கின்றன. அங்கே தினமும் அரை லிட்டர் அளவுக்கு நீர் ஊறி, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடி, ரத்தத்தில் கலந்துவிடும். மாமாவின் எம்.ஆர்.ஐ. படத்தில் அறைகளின் பின்பக்கம் வெள்ளையாக ஒரு படிவு. மல்லாந்தே கிடப்பவருக்குச் சீழ், குளத்து வண்டல் போல அடியில் தங்கிவிடுகிறது. பெரும்பாலும் தலையில் ஆபரேஷன் செய்து டியூப் வைத்தவர்களுக்குத்தான் இந்தத் தொற்று வருமாம். தானாக வருவது குறைவு. நரம்பில் ஏற்றும் மருந்து அந்த அறைகளுக்குள் போதுமான அளவு போய்ச் சேராது என்பதுதான் பெரிய தலைவலி.

மண்டையில் சின்னத் துளை போட்டு டியூப் வைத்தார்கள். நீர் சொட்டுச் சொட்டாக வெளியே வடியும், அதே வழியாக மருந்தும் உள்ளே போகும். வடியும் குப்பியின் உயரத்தை மாமாவின் காது மட்டத்தை வைத்து அளந்து கட்டியிருந்தார்கள். தலையணையைச் சரிசெய்யலாம் என்று நான் கட்டிலை உயர்த்தப் போக, சிஸ்டர் பாய்ந்து வந்து முதலில் டியூபை அடைத்தார். மட்டம் மாறினால் நீர் மளமளவென்று வடிந்துவிடுமாம்.

ஆறு வாரம் மருந்து ஏறியது. இப்போது நடக்கிறார், பேசுகிறார். நூறு ரூபாய்க்குச் சில்லறை எண்ணத்தான் இரண்டு மூன்று தடவை ஆகிறது. நடுவில் யாராவது பேசினால் முதலிலிருந்து தொடங்குகிறார்.