அண்ணனுக்கு இன்றைக்கே போன் செய்யுங்கள்

கேள்வி: அப்பா மஸ்கட்டில் இருந்தபோது எனக்கு எழுதிய மெயில்களை தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் தனி ஃபோல்டராக வைத்திருந்தேன். போன வாரம் பழையதை ஒழிக்கும்போது அதையும் டிலீட் செய்து, ட்ராஷையும் காலி செய்துவிட்டேன். சர்வரிலும் இல்லை. அப்பா இறந்துவிட்டார். முன்பு நான் பயன்படுத்திய லேப்டாப் அண்ணன் வீட்டுப் பரணில் கிடக்கிறது. வீட்டுப் பங்குத் தகராறுக்குப் பிறகு அவரோடு பேச்சு இல்லை. மீட்டெடுக்க நல்ல சாஃப்ட்வேர் சொல்லுங்கள்.
- வாசகி, திருச்சி

பதில்: ஃபோல்டர் இருக்கும் இடத்தை நீங்களே எழுதிவிட்டு என்னிடம் சாஃப்ட்வேர் கேட்கிறீர்கள்!

ரெக்குவா மாதிரி மென்பொருள்கள் உண்டு. ஆனால் அழித்த பிறகும் ஒரு வாரமாக அதே கம்ப்யூட்டரில் வேலை செய்திருக்கிறீர்கள். அதில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி என்ற சேமிப்பகம் இருந்தால் நம்பிக்கை மிகக் குறைவு. மெயில் நிறுவனத்திடம் பேக்கப் கேட்டுப் பாருங்கள், அவ்வளவுதான்.

பரணில் இருப்பதுதான் உங்கள் பேக்கப். ஐமேப் கணக்கு (மெயில்கள் சர்வரில் இருந்து, எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒன்றுபோலத் தெரியும் வகை) என்றால், தண்டர்பேர்ட் வழக்கமாக மெயில்களை அந்தந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். ஆனால் அண்ணன் பிள்ளைகள் யாராவது அதை எடுத்து, வைஃபையோடு தண்டர்பேர்டைத் திறந்தால், சர்வரில் இல்லாத ஃபோல்டர் அங்கேயும் போய்விடும். அதனால்தான் இன்றைக்கே பேசச் சொல்கிறேன். யார் முதலில் பேசுவது என்ற கணக்கெல்லாம் வேண்டாம். நீங்கள்தான் கேட்கப் போகிறீர்கள், நீங்களே பேசுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இத்தனை வருடம் அந்த மெயில்களை நீங்கள் மட்டும் வைத்திருந்தீர்கள். அண்ணனுக்கும் அவர்தானே அப்பா? அன்றைக்கே ஒரு காப்பி கொடுத்திருந்தால் இன்று தேடவே வேண்டாம். வீட்டுப் பங்கு வழக்கறிஞர் பார்த்துக்கொள்ளட்டும். அதற்காக அண்ணனோடு பேசாமல் இருப்பது தப்பு. யார் பக்கம் நியாயம் இருந்தாலும் தப்புதான்.

சரி, நேரில் போங்கள். வீட்டு ரவுட்டரை அணைத்துவிட்டு லேப்டாப்பைப் போடுங்கள். தண்டர்பேர்டைத் திறக்காமல், அது மெயில்களைச் சேமித்து வைக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டர் முழுவதையும் பென்டிரைவில் எடுங்கள். உள்ளே ஐமேப்மெயில் என்ற ஃபோல்டரில், மெயில் சர்வரின் பெயருள்ள ஃபோல்டருக்குள், நீங்கள் வைத்த பெயரிலேயே இரண்டு ஃபைல்கள் இருக்கும். எம்எஸ்எஃப் என்று முடிவது வெறும் அட்டவணை. பின்னொட்டு இல்லாததில்தான் மெயில்கள் இருக்கின்றன. உங்கள் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டை மூடிவிட்டு, பின்னொட்டு இல்லாத அந்த ஃபைலை அங்குள்ள ப்ரொஃபைலின் லோக்கல் ஃபோல்டர்ஸ் என்ற ஃபோல்டரில் போட்டு, தண்டர்பேர்டைத் திறந்தால் ஃபோல்டர் வந்துவிடும்.

அப்புறம், அந்தப் பென்டிரைவை அண்ணனிடமே விட்டுவிட்டு, உங்களுக்கு வேறொன்றில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.