1911-ஆம் ஆண்டின் ஒரு ரூபாய் நாணயத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு கிராக்கி?

வெள்ளி காரணமில்லை. 1912 ரூபாயிலும் அதே 11.66 கிராம் எடை, அதே 91.7 சதவீத வெள்ளிதான். வம்பு யானையால் வந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில், பதக்கச் சங்கிலியை ஒட்டி ஒரு குட்டி யானை இருக்கும். 1911 அச்சில் தும்பிக்கை குட்டையாகிப் போனதால் அது பன்றி போலவே தெரிந்தது (உருப்பெருக்கியில் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது). முஸ்லிம்களிடம் எதிர்ப்பு கிளம்பவே அரசு வெளியீட்டை நிறுத்தி, கையிருப்பில் இருந்தவற்றை உருக்கிவிட்டது. 1912-இல் தும்பிக்கையைத் திருத்தி அச்சிட்டார்கள். தப்பியவைதான் இன்று சேகரிப்பாளர்கள் தேடும் ‘பன்றி ரூபாய்’.

வாங்கும்போது ஆண்டை மட்டும் நம்பாதீர்கள். கடைசி இலக்கத்தைச் சுரண்டி மாற்றலாம். 1911 என்றிருந்தும் தும்பிக்கை நீளமாக இருந்தால், சரி, வேறு கடை பாருங்கள்.