தகாகி எழுதாத வருடங்கள்

அன்புள்ள சார்,

எண் கோட்பாட்டில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். நான்காவது வருடம், ஒரு கட்டுரையும் வெளிவரவில்லை. ஜப்பானியக் கணிதர் தைஜி தகாகியும் 1903இலிருந்து 1914 வரை ஏறக்குறைய எதையும் வெளியிடவில்லை என்று படித்தேன். இன்றைக்கு இருந்தால் அவருக்கு வேலை கிடைத்திருக்குமா?

கா.

அன்புள்ள கா.,

கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். அவருக்கு வாய்த்தது, 1904லேயே தோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி. அதற்கு முன்பே ஜெர்மனி போய், பெர்லினிலும், அப்புறம் கோட்டிங்கனில் பெரிய கணிதர் ஹில்பெர்ட்டிடமும் படித்துவிட்டு 1901இல் ஊர் திரும்பியிருந்தார். பிறகு பாடம் நடத்தினார், புத்தகம் எழுதினார். ஆராய்ச்சி நின்றுபோனது. வெளியிலிருந்து ஒரு தூண்டுதல் இல்லாவிட்டால் எதுவும் செய்யமுடியாத ஆள் தான் என்று பின்னாளில் அவரே சொன்னார்.

1914இல் முதல் உலகப்போர் வந்தது. ஜெர்மனியிலிருந்து புத்தகம், ஆய்விதழ் எல்லாம் நின்றது. இனி படிக்க எதுவும் வராது, நாமே செய்தால்தான் உண்டு என்று உட்கார்ந்தார்.

அவர் எடுத்துக்கொண்ட விஷயத்தின் எளிய முகம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 5, 13, 29 ஆகியவற்றை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம்: 1+4, 4+9, 4+25. 7, 11 இரண்டையும் எழுதமுடியாது. 2ஐ விட்டுவிட்டால், நான்கால் வகுத்தால் மீதி 1 வருகிற பகா எண்களுக்கு மட்டும் முடியும். கற்பனை எண் iயைச் சேர்த்துக்கொண்டால் 5 என்பது (1+2i)(1−2i) என்று உடையும், 7 உடையாது. இப்படிக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் செய்யக்கூடிய எண் தொகுதிக்குப் புலம் என்று பெயர். ஒரு பகா எண் பெரிய புலத்தில் எப்படி உடைகிறது என்பதை மீதியே சொல்லிவிடுகிறது. இப்படி உடைவது முன்கூட்டியே தெரிகிற பெரிய புலம்தான் வகுப்புப் புலம். ஹில்பெர்ட் அதைக் கிளைப்பற்ற விரிவுகளுக்கு, அதாவது உடையும்போது ஒரே காரணி திரும்ப வராத பெரிய புலங்களுக்கு, மட்டும் வைத்திருந்தார். தகாகி அந்த நிபந்தனையை எடுத்துவிட்டுப் பார்த்தார். எல்லா அபீலியன் விரிவுகளும், அதாவது சமச்சீர் மாற்றங்களை எந்த வரிசையில் செய்தாலும் ஒன்றே வருகிற பெரிய புலங்கள் எல்லாம், வகுப்புப் புலங்கள் என்று வந்தது.

அவரால் அதை நம்பமுடியவில்லை. இவ்வளவு அழகாக வந்தால் எங்கோ தவறியிருக்கவேண்டும் என்று தன் நிரூபணத்தில் தானே பிழை தேடினார். கேட்டுப் பார்க்கப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. மனம் கலங்கிப்போகும் நிலைக்கு வந்ததாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு அவருடைய வாழ்க்கையில் மிகப் பெரியதாகத் தெரிவது இதுதான். எழுதாத வருடங்களைத் தாங்குவதைவிட, கிடைத்த பதிலைச் சந்தேகித்துக்கொண்டே இருப்பது கடினம்.

1920இல் கட்டுரை வந்தது. அதே வருடம் ஸ்ட்ராஸ்பர்கில் நடந்த உலகக் கணித மாநாட்டில் பேசினார். ஜெர்மானியர்களை அந்த மாநாட்டுக்கு அழைக்கவே இல்லை. அதனால் விஷயம் புரிந்து கேட்கக்கூடியவர்கள் அரங்கில் இல்லை, அவர் பேச்சு கவனிக்கப்படாமலே போனது. 1922வாக்கில் ஜெர்மனியில் கணிதர் சீகல் சொல்லி இன்னொரு கணிதர் ஆர்ட்டின் அந்தக் கட்டுரையைப் படித்தார். 1926இல் கணிதர் ஹாஸ்ஸே அதை விரிவான அறிக்கையாக எழுதினார், 1927இல் ஆர்ட்டின், பகா எண்கள் அபீலியன் விரிவுகளில் உடைவதைச் சொல்லும் தன் பரஸ்பர விதியை (reciprocity law) அதன்மேல் நிறுவினார். 1936இல், கணிதத்தின் பெரும் பரிசான ஃபீல்ட்ஸ் பதக்கம் முதல்முறை தரப்பட்டபோது, அதற்கான தேர்வுக் குழுவில் தகாகியும் இருந்தார்.

உங்களுக்கு அவரைப்போல நிரந்தரப் பதவி இல்லை, அது பெரிய வித்தியாசம், அதை மறைக்க மாட்டேன். ஆகவே சிறிய முடிவு ஏதாவது கையில் இருந்தால் எழுதி அனுப்பிவிடுங்கள். பெரிய கணக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். இப்போது எங்கே நிற்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.